ஆறாவது கிடா

“இன்னும் பத்தே வருஷம். புதுக்கோட்டை மாவட்டத்தில் வேலை தேடுகிறவன் என்று ஒருவன்கூட இருக்கமாட்டான். வேலை கொடுக்கிறவன் மட்டும்தான் இருப்பான்!”

கோட்டும் டையுமாக ரெங்கராஜ் சார் மேடையில் இதை அறிவித்தபோது, கைதட்டல் அடங்க ஒரு நிமிடமானது. எல்லாருமே கொடுத்தால் வாங்குவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அக மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்.

அவர்தான் கல்லூரியின் தொழில்முனைவோர் மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர். மையத்தின் பதிவேட்டில் இதுவரை நூற்று நாற்பத்து மூன்று ஸ்டார்ட்-அப்கள். கேன்டீன் அய்யப்பனுக்கே தெரியாமல் அவருடைய வடைச்சட்டியும் அதில் ஒன்று.

“எல்லாரும் வலது கையை நீட்டுங்க. சொல்லுங்க, ‘யாரிடமும் வேலை கேட்கமாட்டேன்!’”

இருநூறு கைகள் நீண்டன. பி.காம். மூன்றாம் ஆண்டு இலக்கியாவின் கையும் நீண்டது. அவளுடைய பையில், வரும் ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கியில் எழுதவேண்டிய, அரசு வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வின் ஹால் டிக்கெட் நான்காக மடிந்து கிடந்தது.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. ஒவ்வோர் அணியும் தன் கண்டுபிடிப்பை விளக்கவேண்டும். இலக்கியா அணியின் கண்டுபிடிப்பு, வாசமில்லாத கருவாடு. மணமேல்குடிப் பெண் என்பதால் அது அவள் தலையில் கட்டப்பட்டது. வாசம் மட்டும் இன்னும் போகவில்லை.

வீட்டில் ஏற்கெனவே கெடு வைத்துவிட்டார்கள். இந்த ஒரு பரீட்சைதான். தேறாவிட்டால் அக்காவோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். ஒன்றரை வருடம் படித்தது அவ்வளவும் அந்த மூன்று மணி நேரத்துக்காக.

மதியம் விடுப்புக் கடிதத்தோடு சாரின் அறைக்குப் போனாள்.

“ஞாயித்துக்கெழம லீவு வேணுங்க சார். ஐயனார் கோயில்ல எங்களுக்குக் கெடாவெட்டு.”

சார் இழுப்பறையைத் திறந்தார். ஐந்து கடிதங்களை எடுத்துச் சீட்டுக்கட்டைப் போல மேசையில் விரித்தார்.

“அருண்குமாரு, கெடாவெட்டு. காவ்யா, கெடாவெட்டு. சார்லஸுன்னு ஒருத்தன், அவனுக்கும் கெடாவெட்டாம்! ஒன்னோடது ஆறாவது கெடா. இந்த ஞாயித்துக்கெழமயோட மாவட்டத்துல ஒரு கெடா மிஞ்சாது போலருக்கே. இல்ல, மிச்சமெல்லாம் சிவகங்கப் பக்கம் ஓடிருச்சா?”

“நெசமாத்தாங்க சார்.”

“ஐயனாரு சைவம்மா! கெடா வெட்டுறது பக்கத்துல நிக்கிற கருப்பருக்கு. அப்பக்கூட ஐயனாருக்குத் திரை போட்டுட்டுத்தான் வெட்டுவாக. பொய் சொல்றதுக்கும் கள ஆய்வு வேணும். வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

இலக்கியா கடிதத்தைத் திரும்ப எடுக்கப் போனாள்; சார் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“குரூப் ஃபோருதானே? கருவாட்டுக் கம்பெனிக்கு மொதலாளியா இருக்கவேண்டிய புள்ள, தாலுகா ஆபீஸ்ல உக்காந்து சீல் குத்தப் போறியாக்கும். வெக்கமா இல்ல?”

எப்போதும் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர், அன்று சட்டைப் பையிலிருந்து ஒரு புதுக் கருப்புப் பேனாவை எடுத்தார். கடிதத்தின் குறுக்கே ‘அனுமதி இல்லை’ என்று எழுதினார்.

“ஞாயித்துக்கெழம வரலேன்னா அக மதிப்பெண் இருபத்தஞ்சும் போச்சு. அப்பறம் டிகிரிய மறந்துரு. போ.”

போனாள். ஆனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவள் ஏறியது அறந்தாங்கி பஸ்ஸில்.

தேர்வு நடந்த பள்ளியில் அவளுக்கு ஜன்னலோர பெஞ்சு. பதிவெண்ணைச் சரிபார்த்து உட்கார்ந்தாள். கருப்பு மைப் பேனா தவிர வேறு எதுவும் கூடாது என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தவள், வாசலைப் பார்த்ததும் விழுங்க மறந்தாள்.

வாசலில் ரெங்கராஜ் சார் நின்றிருந்தார். கோட்டு இல்லை. காலில் ரப்பர் செருப்பு.

ஆறு பேரையும் கையும் களவுமாகப் பிடிக்க வந்துவிட்டார்! இல்லை, மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்களோ? எதுவானாலும் டிகிரி போனது போனதுதான். இலக்கியா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

செருப்புச் சத்தம் வரிசை வரிசையாக நகர்ந்தது. ஒவ்வொரு பெஞ்சாக நின்று, எண்ணைப் பார்த்து, மறுபடி நகர்ந்தது. அவளுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றேவிட்டது.

“சார், மன்னிச்சிருங்க சார். வீட்டுல...”

நிமிர்ந்து பார்த்தாள். அவளைக் கண்ட சாரின் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மூன்று கருப்புப் பேனாக்களை எடுத்து வரிசையாக வைத்தார். கடைசியாக, மூலை மடங்காமல் லேமினேட் செய்த ஒரு ஹால் டிக்கெட்.

இலக்கியா அந்த ஹால் டிக்கெட்டையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார்... ஆய்வுக் குழு?”

“ரம்யா மேடம் பாத்துக்கிறாங்க.”

“பிரின்சிபால் எப்புடி சார் லீவு குடுத்தாங்க?”

“அங்கிட்டு என்ன பேச்சு?” என்று கண்காணிப்பாளர் அதட்டினார். மணி அடித்தது. சார் விடைத்தாளை இழுத்துக் குனிந்தார். தலையை நிமிர்த்தாமலே, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

“எனக்கும் கெடாவெட்டுதாம்மா. ஆனா, கருப்பருக்குன்னு எழுதிக் குடுத்தேன்.”