மேனேஜர் எடுத்த எம்.சி.

காய்ச்சல் என்று எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு எடுத்த மேனேஜர் குகதாசன், சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் நெளிந்துகொண்டிருந்தார். மூன்றாவது தே தாரிக் டீயும் ஆறிப்போனது. ஜூரோங்கில் உள்ள தன் கேட்டரிங் ஆபீசிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு லாரி நகராது.

பதினொன்றரைக்கு அவரே ஆபீசில் வேலை பார்க்கும் வினுஷாவை அழைத்தார்.

"எல்லாம் சரியா?"

"காலையிலேருந்து ஆர்டர் சிஸ்டமே ஓடல, சார்!"

"அப்பவே எனக்குப் போன் பண்ண வேண்டாமா?"

"எதுக்கு, சார்? கையால எழுதி, நாங்களே முடிவு பண்ணி, பதினோரு மணிக்கே எல்லாச் சாப்பாட்டையும் அனுப்பிட்டோம். தினமும் பன்னிரண்டரை ஆகும். நெருக்கடி வந்தாத்தான் மாற்றம் வரும்னு மீட்டிங்ல நீங்கதானே சொல்வீங்க?"

"அது சரி... சிஸ்டத்துக்கு என்ன ஆச்சு?"

"ப்ளக் கழண்டிருக்கு, சார். எட்டரைக்கே பார்த்துட்டோம்."

"அப்புறம் ஏன் மாட்டல?"

"நேத்து சாயந்திரம் அதை யாரு பிடுங்கினாங்கன்னு கேமராவிலயும் பார்த்தோம்."

குகதாசன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"அப்படியே இருக்கட்டும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, சார். வேலை சீக்கிரம் முடியுது. நீங்க நாளைக்கும் எம்.சி. எடுத்துக்குங்க லா!"