பொத்தி வளர்த்த வவ்வால்

அம்மா வவ்வாலும் மகள் செம்பியும் இப்போது ஒரே எடை. ஆனாலும் செம்பி இன்னும் அம்மாவின் வயிற்றைக் கட்டிக்கொண்டுதான் இரை தேடப் போவாள். இதில் அம்மாவுக்குப் பெருமை வேறு!

பக்கத்துக் கிளை அத்தை சிரித்தாள். “நாளைக்கு மாப்பிள்ளையையும் சேர்த்துச் சுமப்பியாடி?”

செம்பிக்கு மானமே போயிற்று. “அம்மா, இன்னைக்கு நானே பறக்கிறேன்.”

“ஐயையோ, விழுந்துடுவே! கிளையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

“நீ கிளம்பும்போது முதல்ல என்ன செய்யறே?”

“கிளையைப் பிடிச்ச காலை விடுவேன்.”

“விட்டா?”

“கொஞ்சம் கீழே விழுவேன். அப்புறம் இறக்கையை விரிப்பேன்.”

“அப்போ விழாம பறந்த வவ்வால் ஒண்ணைக் காட்டு, பார்ப்போம்!”

அம்மா எட்டிப் பிடிப்பதற்குள் செம்பி காலை விட்டுவிட்டாள். விர்ரென்று விழுந்தாள். தரைக்கு ஒரு முழம் இருக்கையில் இறக்கை விரிந்தது. கோணல்மாணலாக அத்திமரத்தைப் பார்த்துப் பறந்தாள்.

“நில்லுடி!” என்று அலறிக்கொண்டே அம்மா பின்னால் பாய்ந்தாள். பாதி வழியில் அந்த அலறல் நின்றுவிட்டது. வயிற்றில் சுமையில்லாமல் பறந்து எத்தனை மாதம் ஆயிற்று!

அத்திமரத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அம்மாதான்.