கராஜ் மேல் ஆந்தை மனிதன்

"ஏன்னா, வாசல்ல எதுக்கு இவ்வளவு கார் நிக்கறது?"

சமையலறையிலிருந்து ஷ்யாமளா கேட்டாள். அனந்தராமன் அவசரமாக ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"ஒண்ணுமில்லை. யாரோ வழி தெரியாம நிக்கறா."

உண்மையைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும். அது எண்பத்தைந்தாம் வருஷம். வெஸ்ட் வின்ட்சருக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஜெர்சி சிட்டியில் ஒற்றை அறைக்குள் குடியிருந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு.

சற்று முன் பக்கத்து வீட்டு மிஸஸ் பென்ரோஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். இவர்கள் கராஜ் கூரை மேல் ஆந்தை மனிதன் நிற்கிறானாம். இங்கிலாந்தில் அவள் பிறந்த பக்கத்தில், சர்ச் கோபுரத்துக்கு மேல் அவன் பறந்ததாகச் சொல்வார்களாம். ஆள் உயரம், சாம்பல் நிறச் சிறகு, நெருப்பாய் இரண்டு கண். சாட்சாத் அவனேதான் என்று அடித்துச் சொன்னாள். தெரு முழுக்கவும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள், புண்ணியவதி.

அனந்தராமன் என்ஜினியர். பேய் பிசாசு எதையும் நம்பாதவர். ஆனாலும் வெளியே போய்ப் பார்க்கக் கால் எழவில்லை. ஷ்யாமளாவோ கரப்பான் பூச்சிக்கே கட்டில் மேல் ஏறுகிறவள். இது காதில் விழுந்தால் இன்றைக்கே பெட்டி கட்டிவிடுவாள்.

அதற்குள் அவள் கரண்டியும் கையுமாக வந்து திரையை விலக்கிவிட்டாள்.

"எல்லாரும் நம்மாத்தைன்னா அண்ணாந்து பாக்கறா?"

"வீடு அழகா இருக்கோன்னோ, அதான்."

ஷ்யாமளாவின் முகம் வெளுத்தது.

"நிஜமாவா?"

"பின்னே? ஒருத்தர் போலராய்ட்ல போட்டோகூட எடுக்கறார், பாரு. தெருவே சொக்கிப்போய் நிக்கறது."

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ நான் கட்டினது போறலை."

"எதைக் கட்டினே?"

"நேத்து நீங்க ஆபீஸ் போனப்புறம், உங்க பழைய ரெயின்கோட்டுல சருகை அடைச்சு, துடைப்பக்கட்டையால ரெண்டு கையையும் விரிச்சுவிட்டு, கண்ணுக்கு சிவப்பா சைக்கிள் ரிஃப்ளெக்டர் ஒட்டி, மாடி ஜன்னல் வழியா கராஜ் மேல திருஷ்டி பொம்மை கட்டினேன். புது வீடாச்சே, யார் கண்ணும் படக்கூடாதேன்னு."

அனந்தராமன் வாய் திறப்பதற்குள், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்க புது கோட்டை எடுங்கோ. இன்னும் பெரிசா ஒண்ணு கட்டறேன்."