நூற்றுக்குப் பதினொன்று

கதவைத் திறந்த கல்யாணராமனின் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில், தெர்மாமீட்டர் செருகியிருந்தது. அவருக்கு அது நினைவே இல்லை.

வாசலில் காக்கிச் சட்டையில் கார்ப்பரேஷன் கபாலி. வாரம் தவறாமல் சாக்கடைக்குக் கொசு மருந்து அடிக்க வருகிறவன். இன்று மருந்து பம்பைக் காணோம். கையில் ஒரு நோட்டும் சாக்பீஸும், தோளில் துணிப்பையும்.

"சார், வூட்ல யாருக்குனா ஜொரம் கீதா?"

சூரத்தில் பிளேக் என்று பேப்பரில் வந்து அன்றோடு ஒன்பது நாள். தொண்ணூற்று நான்காம் வருஷத்தில் போய் பிளேக்! மயிலாப்பூரில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் ஒரு தும்மல் போட்டால் பக்கத்து சீட் காலியாகிவிடுகிறது.

இந்த ஒன்பது நாளும் கல்யாணராமன் சும்மா இருக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் புள்ளிவிவர இலாகாவில் குப்பை கொட்டிய கை, ரிடையரானால் மட்டும் அடங்குமா? எந்த நாடு பிளேக்கை எப்படிச் சமாளிக்கிறது என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு மார்க் கொடுத்து வந்தார். ஐந்து தலைப்பு, தலைப்புக்கு இருபது.

வளைகுடாக்காரர்கள் விமானத்தையே நிறுத்திவிட்டார்கள், எழுபது. லண்டனில் இறங்கும்போதே காய்ச்சல்காரர்களை ஓரங்கட்டிவிடுகிறார்களாம், எண்பத்திரண்டு. சிங்கப்பூருக்குத் தொண்ணூறு. அங்கே அதிகாரியிடம் பொய் சொன்னால் அபராதம் என்று பார்க்கில் யாரோ சொல்லியிருந்தார்.

இந்தியாவுக்குப் பதினொன்று. அதிலும் "வீடு வீடாக விசாரித்தல்" என்ற தலைப்பில் முட்டை. இந்த ஊரில் எவன் படியேறி வந்து கேட்கப்போகிறான்?

இதோ, வந்து கேட்கிறான்.

உள் அறையில் அவர் பெண் ஜெயஸ்ரீ நூற்றிரண்டு டிகிரியில் படுத்திருந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து இப்போதுதான் லண்டன் விசா வந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம். கபாலியின் நோட்டில் பெயர் ஏறினால் தொற்றுநோய் ஆஸ்பத்திரி, பரிசோதனை, அப்புறம் விமானமாவது ஒன்றாவது! மழையில் நனைந்து வந்த ஜுரம்தான் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்றால், அப்படி நம்பினார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லைப்பா. ஆத்துல நானும் மாமியும்தான், ரெண்டே பேர்."

பெற்ற பெண்ணை ஒரு வாக்கியத்தில் இல்லாமல் ஆக்கியாயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயம் வந்தால் அவருக்குப் பேச்சு வரும். சிங்கப்பூரில் ஜனங்கள் தாங்களாகவே ஓடிவந்து சொல்கிறார்கள், லண்டனில் ஒளிவுமறைவே கிடையாது, இங்கேதான் அத்தனை பேரும் மூடி மறைக்கிறார்கள் என்று ஐந்து நிமிஷம் விளாசித் தள்ளினார்.

நடுவில் ஜெயஸ்ரீ இருமினாள்.

சமையலறையில் பங்கஜம் மாமி சளைக்கவில்லை. சட்டென்று வெறும் மிக்ஸியை ஓடவிட்டாள். மிக்ஸி சத்தத்துக்கு மேலேயும் உள் அறை இன்னும் இரண்டு தடவை இருமியது.

மாமி சமையலறையில், சார் வாசலில். அப்படியானால் இருமுவது யார் என்று கபாலி கேட்கவில்லை. அவன் பார்வை சார் சட்டைப் பையில் கொஞ்ச நேரம் நின்றது.

"கரீட்டு சார். ஜனங்க எங்க சொல்றாங்க" என்றான்.

கதவோரச் சுவரில் சாக்பீஸால் எதையோ எழுதினான். பையிலிருந்து மாத்திரைப் பொட்டலங்களை எடுத்து அவர் கையில் வைத்தான். சாப்பிட்டுவிட்டுப் போடவேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

டெட்ராசைக்ளின், பிளேக்குக்கான மாத்திரை. ஒரு வாரமாக எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத சமாச்சாரம். மூன்று பொட்டலம் இருந்தது.

சுவரிலும் தேதிக்குக் கீழே "3 பேர்" என்றுதான் எழுதியிருந்தது.

அப்போதுதான் கல்யாணராமனின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. தெர்மாமீட்டர் அகப்பட்டதும் கூசிப்போனார். தெருவை எட்டிப் பார்த்தார். கபாலி எதிர் வீட்டு மணியை அடித்துக்கொண்டிருந்தான்.

ஜெயஸ்ரீக்குக் கஞ்சி கொடுத்து, மாத்திரையை விழுங்க வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். என்ன இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. "வீடு வீடாக விசாரித்தல்" என்ற தலைப்பில் இந்தியாவுக்குப் போட்ட முட்டையை அடித்துவிட்டு இருபது போட்டார். "மருந்து வழங்குதல்" மூன்றிலிருந்து இருபதுக்குப் போயிற்று. சிங்கப்பூருக்கே அதில் பதினெட்டுதான்.

கடைசித் தலைப்பில் பேனா நின்றது. "பொதுமக்களின் நேர்மை." போன வாரமே, நம் ஜனங்கள் மேல் இருந்த கோபத்தில், அதிலும் ஒரு முட்டை போட்டு வைத்திருந்தார்.

அதைத் திருத்தவில்லை.