பத்து எண்ணுவதற்குள்

“தீயக் கம்மி பண்ணு, பிரசன்னா. கொதிச்சா வேஸ்ட்டு,” என்றார் நடேசன்.

பெண் கேட்டுப் பையன் வந்திருக்கும் வீட்டில், காய்கிற எண்ணெயில் வட்டமாக, நடுவில் ஓட்டையோடு ஒன்று கிடந்தால் யாரும் வடை என்றுதான் நினைப்பார்கள். சரசாவின் வாணலியில் கிடந்தது ஒரு பேரிங்.

“வந்த புள்ளைய ஹால்ல உக்கார வெக்காம, அடுப்படியில நிக்க வெச்சிருக்கீங்களே, நல்லாவா இருக்கு?” என்றாள் சரசா.

“நீ சும்மா கெட. பேரிங்க பொறுமையா ஏத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் என் பொண்ணுன்னு சொன்னேன். சொன்னா சொன்னதுதான்.”

சொன்னது போன மாதம். கூட வேலை பார்க்கும் பிரசன்னாவைப் பிடித்திருக்கிறது என்று ஸ்வாதி வாய் திறந்ததுமே, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவர் போட்ட நிபந்தனை அது. அன்றிலிருந்து மகள் அப்பாவோடு பேசுவதில்லை. குழம்பு வேண்டுமா என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்டாள்.

ஆவடி ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் நடேசன். இப்போது மொட்டை மாடியில், பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்து மரம் கடையும் மெஷின் ஒன்று செய்துகொண்டிருந்தார். அதன் ஷாஃப்டில், அந்தச் சுழலும் இரும்புத் தண்டில், பேரிங்கை ஏற்றுவதுதான் பரீட்சை.

அம்பத்தூரில் மூன்று கடை ஏறி இறங்கி பிரசன்னா வாங்கி வந்த பேரிங்கைக் காதருகே சுழற்றிப் பார்த்து, “டூப்ளிகேட் இல்ல. அதுவரிக்கும் பரவால்ல,” என்று எண்ணெயில் போடச் சொன்னதும் அவர்தான்.

“ஷாஃப்ட் ராவெல்லாம் ஃப்ரீசர்ல கீது, சுருங்கியிருக்கும். பேரிங் சூட்டுல விரிஞ்சிருக்கும். எண்ணெய விட்டு எடுத்தா பத்து எண்றதுக்குள்ள ஏத்தணும். ஆறிப்போச்சுன்னா பாதியில புடிச்சிக்கும், அப்பால சுத்தியால அடிச்சாலும் அசையாது. இன்னா, ரெடியா?”

பிரசன்னா தலையாட்டினான். காலையில் துவைக்கும்போது இவர் சட்டைப் பையில் கிடைத்த, இரும்பு தேய்க்கிற எமரி பேப்பரைவிட இந்த மனுஷன் சொரசொரப்பு என்று சரசா மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

அவன் இடுக்கியால் பேரிங்கை லாகவமாகத்தான் தூக்கினான். தூக்கிய பிறகுதான் நினைவு வந்தது.

“ஐயோ, ஷாஃப்ட்!”

இடுக்கியும் கையுமாக ஃப்ரிட்ஜுக்கு ஓடினான். ஷாஃப்ட் வஞ்சிர மீன் பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கதவோரம் நின்ற ஸ்வாதி கண்ணை மூடிக்கொண்டாள். சரசா எண்ணினாள். பத்து, பதினைந்து, இருபது...

முப்பதில் ஷாஃப்டைப் பிடுங்கி நிறுத்தி, பேரிங்கை அதன் தலையில் வைத்தான். அது சர்ரென்று இறங்கி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

“ஏறிடுச்சு அங்கிள்!” வியர்வையைத் துடைத்தவன், சட்டென்று நிமிர்ந்து நின்றான். “ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு பயந்தேன். பெருசா ஒண்ணுமில்ல அங்கிள், எல்லாம் டெக்னிக்தான்.”

“ஆமாப்பா, டெக்னிக்தான்,” என்றார் நடேசன், மீசையைத் தடவியபடி. “கை ராசிக்காரன்யா நீ. அடுத்த வாரம் அப்பா அம்மாவ இட்டுகினு வா, தேதி குறிப்போம்.”

“தேங்க்ஸ்ப்பா!” ஒரு மாதம் கழித்து ஸ்வாதி அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை. மெஷினைக் காட்ட அவனை மாடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

“பாத்தீங்களா?” என்றாள் சரசா, பெருமை தாங்காமல். “முப்பது எண்ணிட்டேன், அப்பவும் ஏத்திட்டான்! உங்க ஃபேக்டரியில இப்படி ஒருத்தன் இருந்திருப்பானா?”

நடேசன் மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, மோதிரத்தைக் கழற்றுவது போல இரண்டே விரலால், அதற்குள் ஆறிவிட்டிருந்த பேரிங்கை ஷாஃப்டிலிருந்து உருவி எடுத்தார்.

“மெதுவா பேசு. ஷாஃப்ட நேத்தே தேச்சு வெச்சிட்டேன்.”