மிக்சரை ஒட்டி ஒரு போன்

ஹம்பேர்க் துறைமுகத்தின் பழைய கிடங்கொன்றில் ஆட்டம் உச்சத்தில் இருக்கிறது. உயர்ந்த யன்னல்கள் வழியே 2009 மே மாதத்து மாலை வெயில் சரிந்து, வியர்த்த தோள்களில் விழுகிறது. டீஜே டொறத்தி ஜமேக்காப் பாட்டொன்றின் அடியில் ஆபிரிக்க முரசைக் கலக்குகிறாள். பேஸ் அதிர்வில் மேசையிலுள்ள தண்ணீர்க் கிளாஸ் நடுங்குகிறது. கிளாஸுக்குப் பக்கத்தில், பாட்டுகளைக் கலக்கும் மிக்சரை ஒட்டி, அவளுடைய போன் கிடக்கிறது. விளக்குகளைக் கவனிக்கும் சஞ்சயன் குனிந்து அவள் காதுக்குள் கத்துகிறான். "அக்கா, போனைத் தள்ளி வையுங்கோ. கோல் வந்தால் ஸ்பீக்கர் எல்லாம் இரையும்." "இரையட்டும். இந்தச் சத்தத்துக்குள்ள மணி கேளாது. அம்மா கோல் எடுத்தா எனக்கு வேற எப்பிடித் தெரியும்?" இலங்கையில் போர் நடக்கும் வன்னியிலிருந்து அம்மா கடைசியாகப் பேசியது மாசியில். சஞ்சயன் தன் விளக்குகளிடம் திரும்புகிறான். அடுத்த பாட்டு ஏறும்போது, பெரிய ஸ்பீக்கர்களைக் கிழித்துக்கொண்டு 'டிடிட் டிடிட்' என்ற இரைச்சல் வருகிறது. புதுத் தாளம் என்று நினைத்துக் கூட்டம் கைகளைத் தூக்கி ஆர்ப்பரிக்கிறது. டொறத்தி சத்தத்தை முழுவதுமாக இறக்குகிறாள். போனைக் காதோடு அழுத்தி, "அம்மாவோ?" என்கிறாள். தூக்கிய கைகளை இறக்காமல், அடுத்த தாளத்துக்காக எல்லோரும் காத்து நிற்கிறார்கள்.