ஆங்சுக்கைத் தூக்க மாட்டேன்

“ஆங்சுக் நம்ம பாஸ்புனை விட்டு விலகிட்டாராம். ஆத்தோரத்து வீட்டுக்காரங்க பாஸ்புன்ல சேர்ந்துட்டாராம். லாமாவும் சரின்னுட்டாராம்.”

மனைவி யாங்டோல் சொன்னதும் மோருப்புக்கு வறுத்த பார்லி மாவு தொண்டையில் அடைத்துக்கொண்டது.

ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் நாலைந்து வீடுகள் சேர்ந்தால் ஒரு பாஸ்புன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெற்ற பிள்ளைகூடப் பிணத்தைத் தொடுவதில்லை. குளிப்பாட்டுவது, கட்டுவது, தூக்குவது, தீ வைப்பது எல்லாம் பாஸ்புன்காரர்கள் பாடு.

“அவன் எப்படிப் போகலாம்?”

“போனா உங்களுக்கென்ன? ‘அவன் பொணத்தைத் தொட மாட்டேன்’னு மடத்துல காவல் தெய்வத்து முன்னால விளக்கேத்திச் சத்தியம் பண்ணினது யாரு?”

“நான்தான்.”

“இப்ப தொட வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு. சந்தோஷமா மாவைத் தின்னுங்க.”

“தூக்க மாட்டேன்னு நான் சொல்லணும்டி. தூக்காதேன்னு சொல்ல அவன் யாரு?”

எல்லாம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி வரிசையில் ஆரம்பித்தது. மோருப்புக்குக் கீழே உட்கார வேண்டிய ஆங்சுக், ஓர் இடம் மேலே உட்கார்ந்து பார்லிக் கள் குடித்தான். அந்தக் கல்யாண ஜோடிக்குப் பிறந்த பிள்ளைக்கே இப்போது மீசை முளைத்துவிட்டது. மோருப் மறக்கவில்லை. மறப்பதற்கா மனிதனுக்கு ஞாபகம் கொடுத்திருக்கிறது?

கம்பை எடுத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் மடத்துக்கு ஏறினார். வழியிலிருந்த மந்திர உருளைகளை வழக்கம்போலச் சுற்றிவிட்டார். ஆனால் மந்திரத்துக்குப் பதிலாக உருளைக்கு ஒருவராக ஆங்சுக்கின் வம்சத்தைத் திட்டிக்கொண்டே போனார். உருளைகள் தீர்ந்தன. வம்சம் தீரவில்லை.

மடத்து மாடியில் லாமா ஆப்ரிகாட் காயப் போட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதில் மோருப்போடு ஆடு மேய்த்தவர். ஆட்டுக்குப் பின்னால் ஓடச் சோம்பல்பட்டுத்தான் சாமியாராகப் போனார் என்பது மோருப்பின் கட்சி.

“வா, டீ குடி.”

“நான் டீ குடிக்க வரல.”

“குடிக்காமப் பேசினா எனக்குக் காது கேக்காது.”

மோருப் ஒரு மடக்கு குடித்தார். லாமா உடனே வெண்ணெய் டீயைக் கிண்ணத்தின் விளிம்புவரை ஊற்றினார். நிரம்பிய கிண்ணத்தை வைத்துக்கொண்டு யாரும் கையை வீசிச் சண்டை போட முடியாது. லாமாவுக்கு அது தெரியும்.

“ஆங்சுக்கைத் திரும்ப எங்க பாஸ்புன்ல சேருங்க.”

“எதுக்கு?”

“என் கை படக் கூடாதுன்னு, பாட்டன் பூட்டன் கும்பிட்ட குலதெய்வத்தையே உதறிட்டுப் போறான். ஊரே சிரிக்குது. என் கை என்ன சாக்கடையா?”

“சேர்த்தா அவனைத் தூக்குவியா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்குச் சேர்க்கணும்?”

“மாட்டேன்னு சொல்றதுக்கு.”

லாமா குலுங்கிச் சிரித்தார். “நல்லவேளை, புத்தர் உன்னைப் பார்க்கல. பார்த்திருந்தா அரண்மனைக்கே திரும்பிப் போயிருப்பார். ஏம்பா, பாஸ்புன் சாவுக்கு வராத வீட்டை ஊர் என்ன செய்யும்?”

“தள்ளி வைக்கும். நெருப்பு தராது, தண்ணி தராது. தெரியாதா எனக்கு?”

“சரி, அதுக்குப் பயந்துபோய் நீ வந்து தூக்கினா?”

மோருப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தியம் ஞாபகம் வந்தது. கூடவே அந்தக் காவல் தெய்வத்தின் கோரைப் பல்லும் ஞாபகம் வந்தது. திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டார்.

“அது அப்பப் பாத்துக்கலாம்” என்றார். “மலை எருமை மாதிரி இருக்கான். இப்பவா சாகப் போறான்?”

லாமா இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஆப்ரிகாட்டைப் புரட்டிப் போட்டார்.

“பனி விழற வரைக்கும் தாங்க மாட்டார்னு ஆஸ்பத்திரில கைவிரிச்சுட்டாங்க. வீட்ல யாருக்கும் தெரியாது.”

மோருப் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“சாகப் போற நேரத்துல எவனாவது குலதெய்வத்தை விடுவானா? அவ்வளவு வெறுப்பா என்மேல?”

“உன்கிட்டச் சொல்லாதீங்கன்னுதான் கேட்டுக்கிட்டான்.”

“சொல்லுங்க லாமா. திட்டினாத் திட்டட்டும்.”

“திட்டத்தான் செஞ்சான். ‘அந்தக் கிழட்டுக் கழுதை என்னைத் தூக்கினா சாமி குத்தம், தூக்கலேன்னா ஊர்க் குத்தம். என் பொணத்தால அவன் வீட்டு அடுப்பு அணைய வேண்டாம், என்னை வேற யார் தலையிலயாவது கட்டிவிடுங்க’ன்னு, இதோ நீ உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்து அழுதான்.”